பரணில் உறங்கும் விளக்கு புயலில் எரியுமா?

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நின்றபடி கொட்டிக்கொண்டிருந்தது. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பள்ளிக்கரணைப் பக்கம் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் முழங்கால் வரை தண்ணீர். மாலை ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து எமர்ஜென்சி லைட்டை இறக்கினேன். 2016-ல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட பிறகு, அடுத்த புயலுக்கு ஆகட்டும் என்று வாங்கிய விளக்கு அது. வந்த அட்டைப் பெட்டியிலேயே, மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை கூடக் கிழியாமல் ஏழு வருடம் வைத்திருந்தேன். பொத்தானை அழுத்தினேன். ஒரு மினுக்குக்கூட இல்லை. பக்கத்திலேயே டார்ச் லைட் இருந்தது. அதன் மூடி திறக்கவே மறுத்தது. குறடு வைத்துத் திருகியபோது உள்ளே பேட்டரிகள் வீங்கி, வெள்ளையும் பச்சையுமாகக் கசிந்து, ஸ்பிரிங்கையே தின்றிருந்தன.

அன்று இரவு எங்கள் மாடிப்படிக்கு வெளிச்சம் தந்தது கீழ்வீட்டு அக்காவின் விளக்கு. தெருமுனையில் தள்ளுவண்டியில் இட்லி விற்பவர். தண்ணீர் ஏறியதும் அடுப்பு, பாத்திரம், விளக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு முதல் மாடி நடைக்கு வந்துவிட்டார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய, ஒரு பக்கம் விரிசல் விட்ட, கைப்பிடியில் துணி சுற்றிய விளக்கு. அதைப் படிக்கட்டுக் கம்பியில் மாட்டினார். மூன்று தளத்துக்காரர்களும் அந்த வெளிச்சத்தில்தான் ஏறி இறங்கினோம்.

"எத்தனை வருஷமாக்கா வெச்சிருக்கீங்க இதை?" என்று கேட்டேன்.

"இது மூணாவது லைட்டு தம்பி. ரெண்டு வருஷம் உழைக்கும், அப்புறம் மாத்திடுவேன். தெனம் ராத்திரி சார்ஜ் போட்டுட்டுதான் படுப்பேன். போடலைன்னா மறுநாள் யாவாரம் போச்சே."

என் விளக்கு புதியது, செத்துப்போயிருந்தது. அவருடையது பழையது, எரிந்துகொண்டிருந்தது. இந்தக் கட்டுரை அந்தப் படிக்கட்டில்தான் தொடங்கியது.

அவசரத்துக்கென்று வாங்கிய பொருளை அன்றாடம் புழங்கலாமா, தொடாமல் எடுத்து வைக்க வேண்டுமா? நம் வீடுகளில் இது ஓயாத வழக்கு. "அதை எடுக்காதே, ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்" என்பார் அம்மா. "வாங்கினதே உபயோகிக்கத்தானே" என்று பவர் பேங்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவான் மகன். பல வருடம் நான் அம்மா கட்சி. புதுப் பொருள் மேல் கீறல் விழக் கூடாது என்று நினைக்கும் வளர்ப்பு நமக்கு. வெள்ளிப் பாத்திரமும் பட்டுப் புடவையும் போலவே டார்ச் லைட்டையும் பூட்டி வைத்துவிடுகிறோம். பட்டுப் புடவை காத்திருக்கும். பேட்டரி காத்திருக்காது.

சும்மா கிடந்தால் சாகும் பொருட்கள்

என் விளக்குக்கு என்ன ஆனது என்று ஒரு பேட்டரிக் கடையில் திறந்து காட்டினார்கள். உள்ளே இருந்தது சின்ன ஈய-அமில பேட்டரி. காரிலும் இன்வெர்ட்டரிலும் இருப்பதன் குட்டித் தம்பி. எந்த பேட்டரியும் சும்மா இருந்தாலே தன் சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். ஈய-அமில பேட்டரி அப்படி வடிந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால், தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகங்கள் உறைந்து இறுகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் ஏறாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். ஏழு வருடத்தில் நான் ஒருமுறைகூடப் போடவில்லை.

இப்போது வரும் விளக்குகளிலும் பவர் பேங்குகளிலும் இருப்பது லித்தியம் பேட்டரி. அது இன்னும் மெதுவாகத்தான் வடியும். ஆனால் அடியோடு வடிந்து கிடந்தால் அதற்கும் ஆபத்து. முழுக்க நிரப்பி வெயில்படும் அலமாரியில் வைத்தாலும் ஆயுள் குறையும். நீண்ட நாள் வைப்பதென்றால் பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்பதே பொது விதி. இங்கேதான் சிக்கல். புயலுக்கு வேண்டியது முழு சார்ஜ், அலமாரிக்கு ஏற்றது பாதி சார்ஜ். பூட்டி வைக்கும் முறைக்கே ஒத்துவராத பொருள் இது.

டார்ச்சுக்குப் போடும் பேட்டரிகளை உள்ளேயே விட்டு வைப்பது இன்னொரு தவறு. வீட்டில் டார்ச் இருந்தும் இருட்டில் உட்கார்ந்தவர்கள் பாதிப் பேர் இதனால்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பேட்டரியைக் கழற்றித் தனியே ஒரு உறையில் போட்டு டார்ச்சோடு கட்டிவைத்தால் போதும், கசிந்தாலும் டார்ச் பிழைக்கும்.

பேட்டரி மட்டுமல்ல. பிளீச்சிங் பவுடர் ஈரக்காற்றில் வீரியம் இழக்கும், தண்ணீரைச் சுத்தம் செய்ய எடுக்கும்போது வெறும் சுண்ணாம்பு போலத்தான் இருக்கும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல் மாத்திரை, காயத்துக்குப் போடும் களிம்பு எல்லாவற்றிலும் தேதி அச்சடித்திருக்கிறது. அவலில் வண்டு விழும், பால் பவுடர் கட்டிதட்டும். முதலுதவிப் பெட்டியில் இருக்கும் பிளாஸ்திரி, ஐந்து கோடைக்குப் பிறகு தோலில் ஒட்டாமல் கையோடு வந்துவிடும். இவை எதுவும் நமக்குத் தெரியாத செய்தி இல்லை. பெட்டியை மூடும்போது, நம்மைப் போலவே அந்தப் பெட்டிக்குள்ளும் காலம் ஓடும் என்பதை மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "எமர்ஜென்சி லைட்" என்ற சொல்லே நம் வீட்டுக்குப் புதிது. எங்கள் பாட்டி வீட்டில் அரிக்கேன் விளக்கு இருந்தது. தினமும் மாலை கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, திரியைக் கத்தரித்து, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்து ஏற்றுவார்கள். அது அன்றாட விளக்கு. புயல் அடித்த ராத்திரியிலும் அதே விளக்கு, அதே ஆணி. வீட்டுக்கு மின்சாரம் வந்ததும் அரிக்கேன் பரணுக்கு ஏறியது. கண்ணாடியைத் துடைக்கும் கையும் அன்றோடு போயிற்று.

புழங்கினால் தீரும் பொருட்கள்

அப்படியானால் எல்லாவற்றையும் எடுத்துப் புழங்கிவிடலாமா? அந்தக் கட்சியிலும் கொஞ்ச நாள் இருந்து பார்த்தேன். மிக்ஜாமுக்குப் பிறகு நல்ல பவர் பேங்க் ஒன்று வாங்கி, தினமும் பயன்படுத்தினேன். அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் கரண்ட் போனபோது அதில் ஒரே ஒரு புள்ளி மினுங்கியது. முந்தின நாள் பயணத்தில் தீர்த்திருந்தேன்.

தினசரிப் புழக்கத்துக்கு இருக்கும் குறை இதுதான். பொருள் நல்ல நிலையில் இருக்கும், ஆனால் காலியாக இருக்கும். முதலுதவிப் பெட்டியில் இருந்த கத்தரிக்கோல் பால் பாக்கெட் வெட்டச் சமையலறைக்குப் போயிருக்கும். டார்ச்சின் பேட்டரி ரிமோட்டுக்குப் போயிருக்கும். அவசரத்துக்கு வைத்த ஐந்நூறு ரூபாய் காய்கறிக்காரரிடம் போயிருக்கும்.

இதில் இன்வெர்ட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நடுத்தர வீடுகளின் பெரிய நம்பிக்கை அது. இன்வெர்ட்டர் தினமும் உழைக்கிற பொருள்தான், அதனால் சாவதில்லை. டிஸ்டில்டு வாட்டர் வற்றுவது ஒன்றுதான் பிரச்சினை, அதையும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றினால் சரி. சிக்கல் வேறிடத்தில். அரை மணி நேர மின்வெட்டுக்குப் பழகிய வீடு, மூன்று நாள் மின்வெட்டையும் அரை மணி நேரம் போலவே செலவு செய்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி இருக்கும். இழப்பெல்லாம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 1,200 என்று வையுங்கள். பழைய வகை மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட். மூன்று விசிறி, ஒரு டிவி, இரண்டு டியூப்லைட் ஓடினால் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதே பேட்டரியில் இரண்டு எல்.இ.டி. பல்பும் ஒரு செல்போன் சார்ஜரும் மட்டும் என்றால், இன்வெர்ட்டர் தானே குடிக்கும் மின்சாரத்தையும் சேர்த்து, ஒரு நாளைத் தாண்டும். ராத்திரி மட்டும் போட்டால் இரண்டு மூன்று ராத்திரிக்கு வரும்.

புயல் எச்சரிக்கை வந்த வீட்டில் முதல் மணி நேரத்திலேயே விசிறி சுவிட்சுகளை அணைக்கும் ஒழுக்கம் வேண்டும். பெட்டிக்குள் பொருளை அடுக்குவதைவிட இது கடினம், வீட்டில் நாலு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. அடுக்குமாடிகளில் ஜெனரேட்டரும் மின்பலகையும் தரைத்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில் இருக்கின்றன. 2015 சென்னை வெள்ளத்திலும் 2023 மிக்ஜாமிலும் தண்ணீர் முதலில் புகுந்தது அங்கேதான். மாதாமாதம் ஓட்டிப் பார்த்து, டீசல் நிரப்பி, ஒழுங்காகப் பராமரித்த ஜெனரேட்டர்கள் கழுத்தளவு நீரில் நின்றன. லிஃப்ட் நின்றது. தரைக்கடித் தொட்டியில் சாக்கடை கலந்தது. புழங்கியும் பயனில்லை, பூட்டியும் பயனில்லை. வைத்த இடம் தவறு.

இரண்டாவது சிலிண்டர்

இந்த வழக்குக்குத் தீர்ப்பு நம் சமையலறையிலேயே இருக்கிறது. இரண்டு சிலிண்டர் இணைப்பு உள்ள எந்த வீட்டையும் பாருங்கள். ஒன்று எரிகிறது, ஒன்று நிறைந்து நிற்கிறது. எரிவது தீர்ந்த அன்றே நிறைந்தது அடுப்புக்கு வருகிறது, அன்றே அடுத்ததற்குப் பதிவு செய்கிறோம். இருப்பில் உள்ள சிலிண்டர் ஒருபோதும் பழசாவதில்லை, வீட்டில் எரிவாயு ஒருபோதும் இல்லாமல் போவதில்லை. யாரும் இதற்கு வகுப்பு எடுக்கவில்லை. அம்மாக்கள் தாங்களாகச் செய்கிறார்கள். நீண்ட நாள் வைத்த சேமிப்பு, அன்றாடப் புழக்கம் என்ற இரண்டும் இதில் ஒன்றாகிவிடுகின்றன.

இதன் தாத்தா நம் ஊர்க் குதிர். நெல்லை மேல்வாய் வழியாகக் கொட்டுவார்கள், அடியில் உள்ள சிறு வாய் வழியாக எடுப்பார்கள். புது நெல் மேலே, பழைய நெல் கீழே. முதலில் போனது முதலில் வரும். பஞ்சத்துக்கு இருப்பும் அன்றைக்குச் சோறும் ஒரே பாத்திரத்திலிருந்து.

ஜப்பானியர்கள் இதையே பேரிடர்ப் பாடமாக வைத்திருக்கிறார்கள். 1923 செப்டம்பர் 1-ல் டோக்கியோவைச் சிதைத்த பெரும் நிலநடுக்கத்தின் நினைவாக, ஆண்டுதோறும் அந்த நாளைப் பேரிடர்த் தடுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். பள்ளி, அலுவலகம் எல்லாவற்றிலும் அன்று ஒத்திகை நடக்கும். 2011 சுனாமிக்குப் பிறகு அங்கே பரவலான வீட்டு முறைக்கு 'ரோலிங் ஸ்டாக்' என்று பெயர். வழக்கமாகச் சாப்பிடும் உணவையே கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைப்பது, பழையதைச் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் புதியதை நிரப்புவது. அவசரத்துக்கென்று தனியாக, யாரும் சாப்பிடாத பிஸ்கட் டின்னை வாங்கி ஐந்து வருடம் கழித்துத் தூக்கிப் போடுவதில்லை.

நம் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? தண்ணீர் கேன் முதலில். 20 லிட்டர் கேன் இரண்டு வாங்கும் வீடு மூன்றாக்கட்டும். நாலு பேருக்குக் குடிக்க மட்டும் ஒரு நாளைக்கு 12 முதல் 15 லிட்டர் ஆகும், ஆக ஒரு கேன் ஒன்றரை நாள். மிக்ஜாமில் பல தெருக்களுக்கு மூன்று நாள் தண்ணீர் வண்டி வரவில்லை. மாடித் தொட்டியைப் புயலுக்கு முந்தின நாளே நிரப்பி வையுங்கள். மின்சாரம் இல்லாவிட்டாலும் அது குழாயில் தானாக இறங்கும்.

அவலும் பொட்டுக்கடலையும் வெல்லமும் அடுப்பே மூட்டாமல் சாப்பிடக் கூடியவை. வாரத்துக்கு ஒருமுறை அவல் செய்யும் வீட்டில் அரைக் கிலோ அவல் எப்போதும் புதிதாகவே இருக்கும், பெட்டியில் பூட்டிய வீட்டில்தான் வண்டு. பால் பவுடரும் அப்படியே. மிக்ஜாமில் பால் பாக்கெட்டுக்கு மக்கள் எப்படி அலைந்தார்கள் என்பது சென்னைவாசிகளுக்கு மறந்திருக்காது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை மாத்திரையில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை போடாத வீடு இன்று குறைவு. பெரும்பாலான வீடுகளில் மாதக் கடைசியில் அட்டை தீரும், சம்பளம் வந்ததும் வாங்குவார்கள். அந்த மூன்று நாளில் புயல் வந்தால்? ஒரே ஒரு முறை, அடுத்த மாத மாத்திரையைப் பதினைந்து நாள் முன்னதாக வாங்கிவிடுங்கள். அதன் பிறகு எப்போதும் வழக்கம்போலவே வாங்கலாம், கையில் பதினைந்து நாள் இருப்பு நிலைத்து நிற்கும். செலவு ஒரு தடவைதான். இன்சுலின் போடுபவர்கள் வீட்டில் மண்பானையும் மணலும் இருந்தால், ஃபிரிட்ஜ் நின்ற நாட்களில் ஈரமணலில் வைத்த சிறு பானைக்குள் அதைக் குளிர்ச்சியாக வைக்கலாம். மருத்துவர்களே சொல்லும் வழி இது.

விளக்குக்கும் இரண்டாவது சிலிண்டர் வந்துவிட்டது. கடைகளில் 'இன்வெர்ட்டர் பல்பு' என்று கேட்டால் தருகிறார்கள். சாதாரண பல்பு போலவே ஹோல்டரில் மாட்டலாம், தினமும் எரியும், எரியும்போதே உள்ளிருக்கும் சிறு பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். கரண்ட் போனதும் அணையாமல் மூன்று நான்கு மணி நேரம் வெளிச்சம் தரும். அதை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியதில்லை, உத்தரத்திலேயே இருக்கிறது. சமையலறையில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று என்று மாட்டிய பிறகு எங்கள் வீட்டில் மெழுகுவத்தி ஏற்றும் வழக்கமே போய்விட்டது. மெழுகுவத்தியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை. இருட்டும் பதற்றமும் திரைச்சீலையும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அது நெருப்பு.

தொடக் கூடாதவை

எல்லாப் பொருளுக்கும் சிலிண்டர் நீதி பொருந்தாது. சிலவற்றைத் தொடவே கூடாது.

தீயணைப்புக் கருவி முதலாவது. வேலை செய்கிறதா என்று ஒரு விநாடி அழுத்திப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த ஒரு விநாடியில் அடைப்பானில் தூள் சிக்கி, அழுத்தம் மெல்லக் கசிந்து, கருவி வெறும் சிவப்பு உருளையாகிவிடும். ஒருமுறை அழுத்தினால் மறுபடி நிரப்பியே ஆக வேண்டும். மாதம் ஒருமுறை முள் பச்சையில் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும். அதற்கு மேல் அதைத் தொடாதீர்கள். துணி காயப்போடும் கொக்கியாகவும் ஆக்காதீர்கள், பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்.

உயிர்காப்பு மிதவை உடை இன்னொன்று. கடலுக்குப் போகும் படகுகளில் அதைத் தலையணையாகவும் உட்காரும் மெத்தையாகவும் வைத்துக்கொள்வதைப் பார்க்கலாம். அழுந்தி அழுந்தி உள்ளிருக்கும் நுரை தன் மிதக்கும் திறனை இழக்கும், வெயிலில் காய்ந்து துணி இற்றுப்போகும். புழங்குவது போலத் தோன்றினாலும் அது புழக்கம் அல்ல. அந்த உடைக்கு உரிய புழக்கம் ஒன்றுதான், மேலே போட்டுக்கொள்வது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சான்றிதழ்கள் மூன்றாவது. 2015 வெள்ளத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் பட்டாவும் ரேஷன் கார்டும் சேறாகிப்போன வீடுகள் ஏராளம். அரசு சிறப்பு முகாம் நடத்தி நகல் கொடுக்க வேண்டி வந்தது. தண்ணீர் புகாத உறையில், உயரத்தில், ஒரே பையில் வையுங்கள். அன்றாடத் தேவைக்கு நகலும் டிஜிலாக்கரும் போதும். கூடவே சில்லறை நோட்டாகக் கொஞ்சம் பணம். வர்தா வந்தது பணமதிப்பு நீக்கம் நடந்து ஒரே மாதத்தில், கையில் நோட்டும் இல்லை, ஏ.டி.எம்மில் கரண்டும் இல்லை. இன்றைக்குச் செல்போன் டவர் சாய்ந்தால் நம் எல்லோர் பணமும் அப்படித்தான்.

படகும் பள்ளிக்கூடமும்

வீட்டை விட்டுத் தெருவுக்கு வருவோம். 2015 டிசம்பரில் அடையாறு கரையை மீறிச் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் மாடிகளில் மக்கள் சிக்கியபோது, மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நேற்றுவரை கடலில் வலை இழுத்த படகுகள். மூன்று வருடம் கழித்து, 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது அங்கும் அதேதான் நடந்தது. நூற்றுக்கணக்கான படகுகள் லாரியேறி மலையடிவார ஊர்கள் வரை போயின. அந்தப் படகுகளின் எஞ்சின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. ஓட்டியவர்களுக்குச் சுழலும் நீரின் முகம் தெரியும், எந்தப் பக்கம் ஆள் ஏறினால் படகு கவிழும் என்பது தெரியும். கிடங்கில் மூடி வைத்த ரப்பர் படகுக்கு இவை எதுவும் தெரியாது. அதை ஓட்டுபவருக்கும் பல சமயம் தெரியாது.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இதுவரை பொருளின் ஆயுளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். கையின் பழக்கமும் பொருளோடு சேர்ந்ததுதான்.

2004 டிசம்பரில் ஹாம் ரேடியோ ஆர்வலர் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்கு வானொலியில் உலகெங்கும் உள்ள சக ஆர்வலர்களோடு பேசுவது அவர்களின் நோக்கம். அந்தத் தீவிலிருந்து அப்படிப் பேச அனுமதி கிடைப்பதே அபூர்வம் என்பதால், இரவு பகலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 26 காலையில் நிலம் ஆடியது, கடல் ஏறியது, தொலைபேசிகள் அறுந்தன. விளையாட்டுக்காகத் திறந்து வைத்திருந்த அதே கருவிகள் தீவுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவே செய்தி கொண்டுசெல்லும் பாலமாயின. காணாமல்போனவர்களைப் பற்றி, பிழைத்தவர்களைப் பற்றி நாட்கணக்கில் செய்தி அனுப்பினார்கள். கருவி சூடாக இருந்தது, ஆளுக்குக் கை பழகியிருந்தது.

2018 நவம்பரில் கஜா புயல் நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. மற்ற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து வயல் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கயிறும் குறடும் எந்தப் பேரிடர்க் கிடங்கிலிருந்தும் எடுத்தவை அல்ல, தினமும் தோளில் தொங்குபவை. கிராமங்களில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். அதுவும் கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்தான்.

கட்டடத்துக்கும் இதே கதை. 1999-ல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாநிலம் கடலோரம் முழுக்கப் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டியது. அவற்றில் பலவற்றைப் பூட்டி வைக்காமல் பள்ளிக்கூடமாகவும் ஊர்க்கூடமாகவும் பயன்படுத்துகிறார்கள். புயல் பருவத்துக்கு முன் ஒத்திகை நடக்கிறது. 2013-ல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை வெளியேற்றினார்கள், இறப்பு ஐம்பதுக்கும் கீழே நின்றது. முன்கூட்டிய எச்சரிக்கை, சாலை, நிர்வாகம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் தினமும் குழந்தைகள் படிக்கும் கட்டடத்துக்கு ராத்திரியில் வழி கேட்க வேண்டியதில்லை, சாவி யாரிடம் என்று அலைய வேண்டியதில்லை, கழிவறையில் தண்ணீர் வருமா என்ற சந்தேகம் இல்லை. நம் கடலோரத்திலும் பல்நோக்குப் புயல் மையங்கள் உண்டு. அவற்றில் பூட்டிக் கிடப்பவை எவை, புழக்கத்தில் இருப்பவை எவை என்று ஒவ்வொரு ஊர்க் கிராமசபையும் கேட்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் மையத்தில் நூலகமோ தையல் வகுப்போ நடக்கட்டும். தரையில் பெருக்குமாறு படும் கட்டடமே மழை ராத்திரியில் மக்களை ஏற்கும்.

ஆயுத பூஜைக்கு ஒரு வேலை

வீட்டில் இதையெல்லாம் யார் நினைவில் வைப்பது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ், வருடத்துக்கு ஒருமுறை தேதி பார்ப்பது, எல்லாம் படிக்கும்போது சரி, பிறகு மறந்துபோகும். புதிய தேதி எதையும் நாம் கண்டுபிடிக்க வேண்டாம். நம்மிடம் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. ஆயுத பூஜை.

புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வரும் அந்த நாளை ஒட்டித்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. வருடம் முழுக்க மூலையில் கிடந்த அரிவாள்மணை முதல் வண்டி வரை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அன்று அந்த வரிசையில் எமர்ஜென்சி லைட்டும், டார்ச்சும், இன்வெர்ட்டரும், முதலுதவிப் பெட்டியும், தீயணைப்புக் கருவியும் இருக்கட்டும். விளக்கைப் பொட்டு வைத்துத் திரும்பப் பரணில் ஏற்றாதீர்கள். அன்று இரவு வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் அந்த விளக்கிலேயே சாப்பிடுங்கள். எது எரியவில்லை என்பது புயலுக்கு இரண்டு மாதம் முன்பே தெரிந்துவிடும். குழந்தைகளுக்கு எது எங்கே இருக்கிறது என்று கை பழகும். வேறு சமயத்தவர்கள் தங்களுக்கு வசதியான ஒரு நாளை வைத்துக்கொள்ளலாம், அக்டோபர் நடுவுக்கு முந்தியதாக இருந்தால் போதும்.

மழை முடிந்து தை பிறக்கும் முன் போகி வருகிறது. தேதி முடிந்த மாத்திரையையும் கசிந்த பேட்டரியையும் கழிக்கும் நாளாக அதை வைத்துக்கொள்ளலாம். நெருப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பேட்டரிகளைத் தனியாக வைத்து மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த அளவு மழை எந்த ஊரிலும் எந்த வருடமும் பெய்யலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். செத்த விளக்குக்குப் பதில் வந்த என் வீட்டுப் புது விளக்கு பரணில் இல்லை, சமையலறை ஆணியில் தொங்குகிறது. ராத்திரி பாத்திரம் கழுவும்போது அதைத்தான் ஏற்றுகிறோம், படுக்கும் முன் சார்ஜில் போடுகிறோம். அதற்குள் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டது. கீழ்வீட்டு அக்கா நான்காவது விளக்குக்கு வந்துவிட்டார்.

படித்து முடித்த கையோடு எழுந்து போய் உங்கள் வீட்டு எமர்ஜென்சி லைட்டை ஒருமுறை போட்டுப் பாருங்கள். எரியாவிட்டால் இன்றே சார்ஜில் போடுங்கள். ஏறாவிட்டால் இந்த வாரமே மாற்றுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறையின் எண் 1070. இரண்டையும் ஒரு தாளில் எழுதி, விளக்கு தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.